மொட்டையடித்த சுவர்

சுவரைக் கெடுத்தவன் நான்தான். கல்லறைத் திருநாளுக்குச் சுத்தம் செய்கிறேன் என்று போய், அதில் வளர்ந்திருந்த புல்லையும் செடியையும் வேரோடு பிடுங்கிப் போட்டேன். அடுத்து வந்த மழையில் சுவர் கண்மாய்க்குள் இறங்கிவிட்டது. அவ்வளவுதான் அம்மா விஷயம். கேட்டாயிற்று இல்லையா, கிளம்புங்கள். பஸ் இப்போது வரும்.

உட்காருகிறீர்களா? சரி. அங்கே வேண்டாம், அது வாத்தியார் கல்லறை. இந்தக் கல்லில் உட்காருங்கள்.

உங்கள் ஊரிலும் கண்மாய்க்கரை சரிகிறது. எங்கள் பங்குச் சாமியாரைக் கேட்டிருக்கிறீர்கள். "எங்க ஹவில்தாரைப் போய்ப் பாருங்க, அவர்தான் சுவர் கட்டினவர்" என்று அனுப்பிவிட்டார். நல்ல மனுஷன். ஊருக்குப் புதிது. இங்கே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. ஊர்க்காரன் எவனாவது சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருப்பான்.

கீழே பாருங்கள். இந்தக் கரை முன்பு சரிவாக இறங்கும். மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கும். யாரோ வந்து சவுடு மண் அள்ளினார்கள். நடுக்கண்மாயில் அள்ளக் கூடாதா? லாரி திரும்ப வசதி என்று கரையை ஒட்டியே அள்ளிவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் கரை செங்குத்தாக நின்றது. வாடைக்காற்று வீசினால் அலை நேராக இங்கேதான் வந்து மோதும். கீழே குடையும், மேலே இருக்கிற மண் தொப்பென்று விழும். ஒவ்வொரு மழைக்கும் கல்லறைத் தோட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் போனது.

கரையில் முதல் ஆளாக இருப்பது என் வீட்டுக்காரி. அதோ, பச்சைப் பெயின்ட் சிலுவை. செசிலி.

அவளை அங்கே வைத்ததும் நான்தான். அதுவும் ஒரு சண்டை. அவளுடைய அண்ணன், என் மச்சான், பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே கேட்டார்: "மேல அம்மா பக்கத்துல இடம் இருக்கே மாப்ளே. அங்கயே வெச்சிருவோம்?"

"இங்கதான். தண்ணிப் பக்கம் காத்து வரும்."

"செத்தவளுக்கு எதுக்குய்யா காத்து?"

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குச் சும்மா இருக்க வராது. "உங்கம்மா பக்கத்துல படுத்தா அவளுக்குத் தூக்கம் வராது. அந்தம்மா உசுரோட இருக்கும்போதே வாய மூடினதில்ல" என்றேன். பெட்டி தூக்கி வந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சாமியார்கூட இருமுவது போல இருமினார். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியை நான் சொன்ன இடத்தில் இறக்கினார், ஒரு பிடி மண் போட்டார், போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

ஜோத்பூரில் எங்களுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. செசிலி தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டுதான் அடுப்படிக்கே போவாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஞாபகம் வந்தது, சொன்னேன்.

கல்லறைக் குழுவுக்குத் தலைவர் நான். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, சொல்ல விட்டால்தானே. கரை சரிந்துகொண்டே வந்தபோது அப்போதிருந்த சாமியார் கூட்டம் போட்டார். "ஹவில்தார், இன்னும் ஒரு ஆள் நீளம் சரிஞ்சா அம்மாவ எடுத்து மேல மாத்தித்தான் ஆகணும்" என்றார். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு மச்சான் சொன்னார்: "எங்கம்மா பக்கத்து இடம் அப்படியேதான் இருக்கு சாமி."

அந்த ஒரு வார்த்தைக்காகவே சுவர் எழுப்புவது என்று முடிவு செய்தேன். அவளைத் தோண்டி எடுத்து மேலே கொண்டு போவதாம், இவர் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாராம். நடக்குமா?

மதுரையிலிருந்து ஒரு பெண் வந்தது. கார்குழலி. கண்மாய், ஊருணி எல்லாம் சீர் செய்து கொடுக்கிற அமைப்பில் இன்ஜினியர். ஸ்கூட்டியில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கரையில் இறங்கி, மண்ணைக் கிள்ளி முகர்ந்து பார்த்தது. எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

"கான்கிரீட் சுவர் போட்டுக் கொடும்மா. ஆள் உசரத்துக்கு. நேரா."

"கான்கிரீட் போட்டா மழைத்தண்ணி பின்னாடி தேங்கி முதுகுல தள்ளும் ஐயா. ஒருநாள் மொத்தமா குப்புற விழும்."

"அப்புறம்?"

"சிமெண்ட் இல்லாம கல்லு அடுக்குவோம். பின்னால சணல் சாக்குல மண்ணு. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவுல நொச்சிக் குச்சி, வெட்டிவேர் நாத்து. கல்லு கொஞ்ச காலம் பிடிச்சு நிக்கும். அதுக்குள்ள வேர் இறங்கிரும். அப்புறம் கல்லு இல்லாட்டியும் கரை நிக்கும்."

"குச்சியெல்லாம் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குமா?"

"நிக்கும்."

"சுவரா இல்ல முள்ளம்பன்றியா?"

"முள்ளம்பன்றிதான் ஐயா. அலை வந்து உரசினா அதுக்கு வலிக்கணும்."

கோடையில் கண்மாய் வற்றிக் கிடந்தபோது வேலை நடந்தது. ஊரே வந்தது. நான் நூல் பிடித்து நின்றேன். வேறு யாரும் நூலைத் தொட விடவில்லை. அந்தப் பெண் வந்து நூலை அவிழ்த்துப் போட்டது. "நேரா வேணாம் ஐயா. கரைப் பக்கம் சாஞ்சு நிக்கணும்" என்றது.

"எங்க பட்டாளத்துல எவனும் சாஞ்சு நின்னதில்ல."

"கல்லு பட்டாளத்துல சேரல ஐயா."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் அந்தப் பக்கம் மூட்டை சுமந்துகொண்டிருந்தார். அவரும் சிரித்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

வேலை முடிந்த அன்று டீ குடிக்கும்போது அந்தப் பெண் சொன்னது: "செடி ரொம்ப வளந்தா முழங்கால் உசரத்துக்கு வெட்டி விடலாம். வேரோட மட்டும் எதையும் பிடுங்கக் கூடாது." நான் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் டீ குடிக்கும்போது சொல்வதை யார் உத்தரவு என்று எடுத்துக்கொள்வார்கள்? உத்தரவு என்றால் நிற்க வைத்துச் சொல்ல வேண்டும்.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். பிடித்துக்கொண்டது. ஆடி முடிவதற்குள் நொச்சி தழைத்து, வெட்டிவேர் இடுப்பளவு வந்து, சுவர் இருக்கிற இடமே தெரியவில்லை. ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷம். எனக்கு எரிச்சல். கட்டின கல்லு ஒன்றாவது கண்ணில் பட வேண்டாமா? புதர் மாதிரி ஒரு சுவர். அந்தப் புதருக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரி.

கல்லறைத் திருநாள் வந்தது. நீங்களும் நம் ஆட்கள்தானே, உங்களுக்குச் சொல்ல வேண்டாம். முந்தைய நாள் ஊர் முழுக்க மண்வெட்டியோடு இங்கே வந்துவிடும். அவரவர் கல்லறையில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூப் போடுவார்கள். யார் கல்லறை சுத்தமாக இருக்கிறது என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். ஆனால் எந்த மருமகள் மாமியார் கல்லறையில் ஒரு கோரையை விட்டுவிட்டாள் என்பது அடுத்த திருநாள்வரை நிற்கும்.

நான் திருநாள் அன்றைக்குக் காலையில் வந்தேன். செசிலி கல்லறையைச் செதுக்கினேன். பெயின்ட் அடித்தேன். தள்ளி நின்று பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. அதற்குப் பின்னால் அந்தக் காடு. மச்சான் குடும்பத்தோடு வருவார், பார்ப்பார், 'காத்துக்குன்னு வெச்சான், காட்டுல வெச்சுட்டான்' என்று நினைப்பார். அவர் நினைப்பாரா என்று எனக்குத் தெரியாது. நான் நினைத்துக்கொண்டேன்.

மண்வெட்டியை எடுத்தேன்.

கண்மாயில் அப்போதுதான் தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது. சுவருக்குக் கீழே காலூன்ற இடம் இருந்தது. மண்வெட்டிக்குப் புல் அசையவில்லை. என்னோடு பிடிவாதம் பிடிக்கிறதா என்று கடப்பாரை போட்டேன். தூர் தூராகக் கிளம்பியது. நொச்சியைக் கயிறு கட்டி இழுத்தேன். வேர் வரும்போது கூடவே கல் நகர்ந்தது; கல்லை உள்ளே தள்ளிவிட்டு அடுத்த தூருக்குப் போனேன். கையெல்லாம் வெட்டிவேர் வாசனை. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். நல்ல வாசனை என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

பிடுங்கியதை எல்லாம் மதில் ஓரம் குவித்தேன். மிச்சமிருந்த சுண்ணாம்பைச் சுவருக்கு அடித்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், அன்றைக்கு அந்தச் சுவர் பார்க்க நன்றாக இருந்தது. இப்போது இருப்பதைவிட நன்றாக இருந்தது. சாயங்காலம் தீர்த்தம் தெளித்துக் கல்லறை மந்திரிக்க வந்த சாமியார்கூட "ஹவில்தார், கன்டோன்மென்ட் மாதிரி ஆக்கிட்டீங்களே" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாமியாருக்கு என்ன தெரியும்? அவர் திருச்சிக்காரர்.

மச்சான் வந்தார். தங்கைக்கு மெழுகுவத்தி ஏற்றினார். சுவரைப் பார்த்தார். அப்புறம் கல்லறையைப் பார்த்துச் சொன்னார்: "செசிலி, உன் வீட்டுக்காரரு சுவருக்கு மொட்டை அடிச்சு சந்தனம் பூசிட்டாரு."

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மழை பிடித்தது. விடாமல் பெய்தது. கண்மாய் நிறைந்து அலை எழும்பியது. நான் தினமும் இங்கே வருகிறவன் இல்லை. அந்த வாரம் வந்தேன், சுவரைப் பார்க்க. வெள்ளைக் கற்கள் வயிறு தள்ளி நின்றன. கைத்தடியால் ஒன்றைத் தட்டினேன், உள்ளே போகும் என்று. மறுநாள் காலையில் வந்தபோது சுவர் இல்லை. நடுவில் ஒரு பெரிய வாய். சுண்ணாம்புக் கரைசல் தண்ணீரில் பால் மாதிரி மிதந்தது. செசிலியின் கால்மாட்டில் சிமெண்ட் பலகை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே மண் இல்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்துப் பலகைக்கு அடியில் வைத்தேன். அது உருண்டு தண்ணீரில் விழுந்தது. இன்னொன்று வைத்தேன். அதுவும் விழுந்தது. வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. கல் வைத்துக்கொண்டே இருந்தேன்.

சாமியார் குடையோடு வந்து பார்த்துவிட்டு, மச்சானுக்குப் போன் போட்டார். "மேல இடத்தைத் தயார் பண்ணுங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மச்சான் டிராக்டரில் வந்து இறங்கினார். கூட ஆட்கள். மண்வெட்டி, கடப்பாரை, கயிறு, கம்பு. நான் கைத்தடியோடு கல்லறைக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஒருத்தன் இவளத் தொடக் கூடாது. என் பொணம் விழுந்தப்புறம் தோண்டுங்க."

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. சிலுவையைப் பார்த்துப் பேசினார். "செசிலி, உன் புருஷன வழி விடச் சொல்லு. உன்னை ஒரு தடவ தூக்கிக்கிட்டு வந்தேன். ரெண்டாவது தடவ என்னால ஆகாது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டிராக்டரிலிருந்து சாக்கு சாக்காக இறக்கினார்கள். கட்டு கட்டாகப் பச்சை நொச்சிக் குச்சி. அப்புறம் ஒரு தார்ப்பாயில் சுற்றிய வெட்டிவேர்த் தூர்கள், இலை கருகாமல். நான் பிடுங்கிப்போட்ட அதே தூர்கள். திருநாள் அன்றைக்கே, எல்லோரும் ஜெபம் முடிந்து வீட்டுக்குப் போனதும், அந்தக் குவியலை அள்ளிக்கொண்டு போய்த் தன் கிணற்று வாய்க்காலில் பதியம் போட்டு வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன் என்பது வேறு விஷயம்.

போனை எடுத்து அந்தப் பெண்ணை வீடியோவில் கூப்பிட்டார். ஒருவர் போனுக்குக் குடை பிடித்தார். படம் காட்டினார்கள். கார்குழலி முகம் சின்னதாகத் தெரிந்தது.

"ஐயோ, செடி எங்க? புல்லு எல்லாம் என்னாச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்மாயைப் பார்த்தேன்.

"ஆடு மேஞ்சிருச்சும்மா" என்றார் மச்சான்.

"வேரோடவா? எத்தன ஆடு?"

"ஒண்ணுதாம்மா. கிழட்டு ஆடு."

"கட்டி வைக்கக் கூடாதா?"

"கட்டினா முட்டுதும்மா."

கம்பு சுமந்துகொண்டிருந்தவன் கம்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் பெண்ணிடம் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டார், அதே வாயால் வாங்கியும்விட்டார். பட்டாளத்தில்கூட இப்படி ஒருத்தனை நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண் வரிசையாகச் சொன்னது. முதலில் சீமைக்கருவேல முள்ளை வெட்டிக் கட்டி, தண்ணீரில் முன்னால் போட்டு முளை அடியுங்கள், அலை அதில் உடையும். அப்புறம் அடியில் கம்பு இறக்குங்கள். அப்புறம் சாக்கு, குச்சி, சாக்கு, குச்சி. கடைசியாகக் கல். மச்சான் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டார். கேட்டதை அப்படியே செய்தார். மச்சானுக்குக் கரையைப் பற்றி என்ன தெரியும்? அரிசி மில்லில் இருந்தவர். சொன்னதைச் சொன்னபடி செய்கிற புத்தி இருக்கிறது, அவ்வளவுதான். அது இல்லாமல்தான் நான் ஹவில்தாரோடு நின்றுபோனேன்.

நானும் இறங்கினேன். யாரும் கூப்பிடவில்லை. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சாக்கை வாங்கி வைத்தேன்.

"செசிலி, உன் புருஷன் மூட்டைய நிமித்தி வைக்கிறாரு. சாய்க்கச் சொல்லு."

"செசிலி, உங்கண்ணன்கிட்ட சொல்லு. பட்டாளத்துல மூட்டை அடுக்கினவன் நான்."

"அது வெங்காய மூட்டைன்னு எங்களுக்குத் தெரியும்னு சொல்லு."

சப்ளை பிரிவு. அதுவும் பட்டாளம்தான் அம்மா. சிரிக்காதீர்கள்.

பகல் முழுக்க இப்படியே. கயிறு கேட்டால் அவள் மூலம். கல் கேட்டால் அவள் மூலம். உயிரோடு இருந்தபோதும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவள் பாடு இதுதான். "உங்க சண்டைக்கு நான் தபால்காரியா?" என்பாள். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பலகைக்கு அடியில் கடைசி மூட்டையை இடித்து இறுக்கியபோது அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இருவருடைய கையும் சேற்றுக்குள். எது யார் கை என்று தெரியவில்லை. "செசிலி, இப்ப ஆடாது பாரு" என்றார். எனக்கா, அவளுக்கா என்று நான் கேட்கவில்லை.

மழை விட்டதும் வெட்டிவேர் முழுவதையும் அவர் கையால் நட்டார். என்னை நட விடவில்லை. அடுத்த கல்லறைத் திருநாளுக்குச் சொல்லிவைத்தாற்போல விடியும்போதே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து சுவர்மேல் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் மண்வெட்டியோடு வந்தேன். "செசிலி, ஆடு வந்திருச்சு" என்றார். மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு கையில் கத்தரியைக் கொடுத்தார். முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். வரிசை நேராக வரவில்லை. இன்னும் உறுத்துகிறது.

இப்போதும் நேராகப் பேசுவதில்லை. நேராகப் பேசினால் சண்டை வருகிறது. ஞாயிறு பூசை முடிந்து இரண்டு பேரும் இங்கே வருவோம். அவர் அந்தப் பக்கம் உட்காருவார், நான் இந்தப் பக்கம். மருமகள் காபியில் சர்க்கரை போட மறுக்கிறாள் என்று அவளிடம் சொல்வார். அப்படியானால் சுகர் டெஸ்ட் எடுக்கச் சொல் என்று நான் அவளிடம் சொல்வேன். மேலே அம்மா பக்கத்து இடத்தை என்ன செய்வதாம் என்று ஒருநாள் கேட்டேன், அவளிடம்தான். "அது எனக்கு. எங்கம்மா பேச்சைக் கேக்க ஒரு ஆளு வேணும்ல" என்று பதில் வந்தது. அந்தப் பேச்சை அத்தனை காலம் மனசில் வைத்திருந்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும்.

பாருங்கள், பலகையில் அன்றைக்கு விழுந்த விரிசல் அப்படியே இருக்கிறது. சிமெண்ட் பூச நினைத்தேன். விட்டுவிட்டேன். பக்கத்தில் நொச்சி ஒன்று எட்டிப் பார்க்கிறது. காற்றடித்தால் அவள் மேல் ஆடும். விசிறி மாதிரி. நான் வைக்கவில்லை, தானாக வந்தது.

உங்கள் ஊருக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். வந்தால் நூல் பிடிப்பேன். புல் முளைத்தால் பிடுங்குவேன். வயசான கை, சும்மா இருக்காது. திட்டத்துக்கு அந்த மதுரைப் பெண்ணைக் கேளுங்கள், நம்பர் தருகிறேன். கூட இருந்து செய்து முடிக்க ஆள் வேண்டும் என்றால் மில் தெருவுக்குப் போங்கள். வாசலில் வெட்டிவேர் நாற்று சட்டி சட்டியாக இருக்கிற வீடு. நான் அனுப்பினேன் என்று சொல்ல வேண்டாம், வர மாட்டார். செசிலி அனுப்பினாள் என்று சொல்லுங்கள்.

மச்சான் பெயரா? இந்தக் கரையைக் கட்டினவர் பெயர் இன்னாசிமுத்து.